வெள்ளை யானைப் பல்பொடி

என்னிடம் பதினேழு இருக்கின்றன.
ஒன்றில் சேவல் மார்க் தீப்பெட்டி.
நொடிமுள்ளுக்கென்று கீழே ஒரு குட்டி வட்டம்;
நிமிஷத்துக்கு ஒருமுறை சேவலின் காலை
வெட்டிக்கொண்டு போயிருக்கும்.
இப்போது ஓடுவதில்லை,
சேவல் தப்பித்தது.
இன்னொன்றில் ரங்கூன் தேக்குக் கம்பெனியின் நங்கூரம்.
மற்றொன்றில் பம்புசெட் விற்ற முதலாளியே, மீசையோடு.
முள் இரண்டையும் கோத்த ஆணி
சரியாக அவர் மூக்கில்.

"டி.வி.யில் சும்மா வருகிற விளம்பரத்தைக்
காசு கொடுத்து வாங்குகிற ஆள்" என்பாள் பூங்கோதை.
சரிதான்.
மணி பார்த்தவன் தீப்பெட்டியையும் பார்த்தாக வேண்டும்,
அதுதான் ஏற்பாடு.
யார்யாரோ
ரயிலுக்கு, கோர்ட்டுக்கு, பிரசவ அறை வாசலில்,
நாளுக்கு நாற்பது தடவை
சட்டைப்பையிலிருந்து சேவலை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.
அந்தப் பார்வைதான் எனக்கு வேண்டியிருக்கிறது போல.
வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

கூத்தாநல்லூரிலிருந்து நஜ்முதீன் போன் பண்ணினார்.
"பினாங்கு சரக்கு. முப்பத்தொண்ணாம் வருஷம்.
தமிழ் எழுத்து சார்."
தமிழ் எழுத்து என்றதும்
மன்னார்குடி அச்சகத்தில் திருத்திக்கொண்டிருந்த
காதணி விழாப் பத்திரிகையைத்
தாய்மாமன் பெயரில் பாதியில் விட்டுக் கிளம்பினேன்.
லெட்சுமாங்குடிப் பாலத்தடியில் புதுத்தண்ணீர் வந்திருந்தது.
முன்னால் நுரை, ஒற்றைச் செருப்பு, அப்புறம்தான் ஆறு.

வெல்வெட் பெட்டி. வெள்ளி மூடி.
எனாமல் முகப்பில் மயிரிழை விரிசல்கூட உண்டு.
தும்பிக்கை தூக்கிய யானை, நல்ல கை,
அதன் மேலே வளைவாக:
வெள்ளை யானைப் பல்பொடி.

பதினெட்டு வருஷமாகப் பிழை திருத்துகிறவன் கண்
படத்தில் நிற்காது.
ளை. னை.
இரண்டும் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி,
முன்னால் தனியாக இணைக்கொம்போடு.
முப்பத்தொன்றில் அந்த எழுத்துகள்
தலைக்கு மேல் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றன.
அரசாணை போட்டு அதை எடுத்தது எழுபத்தெட்டில்.
படத்து யானைக்கு இருக்கிறது,
எழுத்து யானைக்கு இல்லை.

சொன்னேன்.
நஜ்முதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.
யானையைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார்,
மறுபடி என்னை.
"அப்ப இது நாப்பத்தேழு வருஷம்
முன்னால ஓடுது சார்.
ரிப்பேர்தான். குறைச்சுக் கொடுங்க."

ஆறாயிரம் ஆயிரத்து நானூறில் வந்து நின்றது.
சிரித்ததற்காகக் கொடுத்தேன் என்று
வீட்டில் சொல்ல முடியாது.

ஒற்றை மயிர்த் தூரிகையும் லென்ஸுமாக
எங்கோ ஒரு பின்கட்டில் உட்கார்ந்தவனை
வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.
பேர்போன கம்பெனி எதையாவது பார்த்து எழுதியிருக்கலாம்.
மெனக்கெட்டு ஒரு பல்பொடியை உண்டாக்கியிருக்கிறான்.
அதற்கு யானை பிடித்து, யானைக்கு வெள்ளையடித்து.
டப்பா இல்லை, கடை இல்லை,
ஒரு பல்லும் அதில் துலங்கியதில்லை.

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
நெல் ஏற்றிய சரக்கு வண்டி போயிற்று.
பிறகு இஞ்சின் மட்டும் தனியாக வந்து,
எதையோ மறந்த மாதிரி திரும்பிப் போயிற்று.
எடுத்துப் பார்த்தேன்: ஐந்து பத்து.
செல்போனிலும் ஐந்து பத்து.
பதினெட்டில் ஓடுவது இது ஒன்றுதான்.

கோழித்தீவன மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு
பக்கத்து பைக்கில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.
மணி கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.
"இந்தப் பல்பொடி எங்க கிடைக்குது?
நம்ம பக்கம் பாத்ததில்லையே."

"இன்னும் வரல" என்றேன்.

தலையாட்டினார்.
பேரை ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.
கேட் தும்பிக்கையைத் தூக்கியது.
பின்னாலிருந்து அத்தனை பேரும்
ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள்.